முகவரி அணியாக மாறிய குளிர்காலம்

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில், வேலையிடத்துச் சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஓய்வு பெறும் வயதை எட்டிய சக ஊழியர் ஒருவர் என்னைப் பார்த்து, "நீ வெஸ்ட்ஸ்காரன் அல்லவா?" என்று கேட்டார். அவர் சிட்னியின் கிளீப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். திங்கட்கிழமைகளில் றக்பியைத் தவிர வேறெதையும் பேசாதவர். வெஸ்ட்ஸ் என்பது நகரத்தின் மேற்குப் புறநகர்களுக்குரிய றக்பி அணி. நான் இந்த நாட்டுக்காரன் அல்லன், ஆகவே எனக்கென்று ஓர் அணி கிடையாது என்று பணிவாகச் சொன்னேன். அவர் சற்றுக் குழம்பியவர்போல என்னைப் பார்த்தார். "எங்கிருந்து வந்தாய் என்று நான் கேட்கவில்லையே. ஹோம்புஷில்தானே குடியிருக்கிறாய்? ஹோம்புஷ் என்றால் வெஸ்ட்ஸ்தான்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அது அத்துடன் முடிந்துபோன பேச்சு. எனக்கோ பல வாரங்களுக்கு முடியவில்லை.

எங்களிடையே இருவர் முதன்முறை சந்தித்தால் எழும் முதற் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். அதற்குச் சொல்லும் விடை, கேட்கப்பட்டவர் இன்று குடியிருக்கும் இடமாக ஒருபோதும் இருப்பதில்லை. ஹோம்புஷ் புகைவண்டி நிலையத்தருகே உள்ள தமிழ்க் கடைகளில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம், இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே வாழ்ந்தும், யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலுள்ள ஒரு கிராமத்தின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன். அந்தக் கிராமத்தை விட்டு 1990-இல் இடம்பெயர்ந்தபோது நான் பள்ளிச் சிறுவன். ஊர் என்பது பிறப்போடு வருவது, முகவரி என்பது கடிதம் வருவதற்கானது என்ற பிரிவினை எனக்குள் ஒருபோதும் ஐயத்துக்கு உள்ளானதில்லை. அந்தப் பிரிவினையே இல்லாத ஒருவரைச் சமையலறையில் எதிர்கொண்டபோதுதான், குடியிருக்கும் தெருவை வைத்து ஒருவன் எந்த அணியைச் சேர்ந்தவன் என்று முடிவு செய்யும் வழக்கம் இந்த நகரத்துக்கு எப்போது வந்தது என்று தேடத் தொடங்கினேன். அவுஸ்திரேலியத் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களைக் கணினியில் எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. பிள்ளைகள் உறங்கிய பிறகு அவற்றைப் புரட்டினேன். தேடல் 1900-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் போய் நின்றது.

நண்பர்களின் கழகங்கள்

1900-க்கு முன்னால் சிட்னியில் றக்பிக் கழகம் என்பது ஓர் இடத்தின் பெயராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1870-இல் ஆர்னல்ட் சகோதரர்கள் தொடங்கிய வாலரூ கழகம் எந்தப் புறநகருக்கும் உரியதன்று. பைரட்ஸ் என்று ஒரு கழகம் இருந்தது, கடற்கொள்ளையருக்குத் தெருவேது? பேடிங்டன் போலவும், 1882-இல் தோன்றிய ரேண்ட்விக் போலவும் இடப்பெயர் தாங்கிய கழகங்கள் இருந்தபோதிலும், அவற்றில் ஆடுபவன் அங்கேதான் குடியிருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே தொழிலில் இருந்தவர்கள், ஒருவரையொருவர் விரும்பியவர்கள் கூடி ஆடினார்கள். 1874-இல் தோன்றி 1892-இல் நியூ சவுத் வேல்ஸ் றக்பி யூனியன் என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பின் கீழ் இத்தகைய கழகங்களே போட்டியிட்டன. 1899 ஜூன் 24 அன்று, நாடு என்ற ஒன்று சட்டப்படி உருவாவதற்கே ஒன்றரை ஆண்டுகள் இருக்கையில், அவுஸ்திரேலியா என்ற பெயரில் பதினைந்து பேர் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் இறங்கிப் பிரித்தானிய அணியை 13-3 என்று வென்றார்கள். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிக்கும் ட்ரை ஒன்றுக்கு 3 புள்ளியும், அதையடுத்துக் கம்பங்களுக்கிடையே உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2 புள்ளியும் தரப்பட்ட காலம் அது. மூன்று ட்ரைகளும் இரண்டு கன்வர்ஷன்களும் அந்த 13-ஐத் தந்தன. அன்றைய தலைவர் ஃபிராங்க் ரோ ஒரு வாலரூக்காரர். நண்பர்களின் கழகங்கள் தங்கள் உச்சத்தைத் தொட்ட நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த முறைக்குள் ஒரு நோய் இருந்தது. நல்ல ஆட்டக்காரன் நல்ல கழகத்தை நாடுவான். அவன் போனதால் அக்கழகம் இன்னும் வலுக்கும். வலுத்ததால் இன்னும் பலர் அங்கே போவார்கள். மற்றக் கழகங்கள் ஆள் சேர்க்கவே திண்டாடும். சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து வரும் ஒரு தொழிலாளிக்கு, தனக்கு எவ்வகையிலும் தொடர்பில்லாத இரு நண்பர் குழுக்களின் ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்ப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? கிரிக்கெட் இதே சிக்கலை முன்பே சந்தித்து, 1893-94 பருவத்தில் தேர்தல் தொகுதிகளை ஒட்டி நகரத்தைப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் அணி என்று வகுத்துவிட்டிருந்தது. றக்பி ஆறேழு ஆண்டுகள் தயங்கி, 1900-இல் அதே வழியில் போனது. நகரத்தின் வரைபடத்தில் கோடுகள் போட்டு மாவட்டங்கள் வகுக்கப்பட்டன. கோட்டுக்கு எந்தப் பக்கம் ஒருவன் குடியிருக்கிறானோ அந்தப் பக்கத்து அணிக்குத்தான் அவன் ஆட முடியும். பல்கலைக்கழகம் ஒன்றே இதற்கு விலக்கு. அதற்கு மாணவர்களே மாவட்டம்.

இதை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்டது வெறுப்பு. அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு கூட்ட அறையில் சிலர் உட்கார்ந்து கோடு கிழிக்க, முப்பது ஆண்டுகள் ஒன்றாக ஆடிய ஒரு கழகம் கலைந்துபோகிறது. அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த இரு நண்பர்கள், நடுவே ஒரு கோடு ஓடியதால், ஸ்க்ரத்தில் எதிரெதிரே தலை முட்டி நிற்க வேண்டியதாகிறது. பிறர் கிழித்த கோட்டுக்கு வெளியே நின்று சொந்த வீட்டைப் பார்க்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தவன் நான். எங்கள் ஊரின் உதைபந்தாட்டக் கழகம் இடம்பெயர்ந்த பிறகும் அதே பெயரில், கடன் வாங்கிய மைதானங்களில், வேறு ஊர்களின் வயல் வரம்பருகே ஆடியது. ஊரில் ஒருவர்கூடக் குடியிருக்கவில்லை. அணி மட்டும் இருந்தது. சிட்னியின் 1900-ஆம் ஆண்டு விதிப்படி அந்தக் கழகம் இருந்திருக்கவே முடியாது. ஆகவே என் பரிவு முழுவதும் வாலரூக்காரர்கள் பக்கமே சாய்ந்தது. பழைய கழகங்களுக்கு ஓர் அஞ்சலி எழுதுவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை உண்மையில் தொடங்கினேன்.

கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு பருவம்

அந்தப் பருவம் எத்தகைய நகரத்தில் தொடங்கியது என்பதைக் கவனித்தபோது என் முடிவு தளரத் தொடங்கியது. 1900 ஜனவரியில் மில்லர்ஸ் பாயிண்டில் துறைமுகத்தோடு தொடர்புடைய ஒரு வண்டியோட்டிக்குப் பிளேக் கண்டது. ஆகஸ்டுக்குள் 303 பேருக்கு நோய் தொற்றி 103 பேர் இறந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய பகுதிகள் மார்ச் கடைசியில் அடைக்கப்பட்டன. நோயாளிகளும் அவர்களோடு பழகியவர்களும் நோர்த் ஹெட் தனிமைப்படுத்தும் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எலி பிடித்துக் கொடுத்தவருக்குக் காசு கொடுத்தார்கள். வீடுகள் சுண்ணாம்பு பூசப்பட்டன, சில இடித்துத் தள்ளப்பட்டன. அந்த ஆண்டு மார்ச் 22 அன்று, பேடிங்டனிலும் வாலரூவிலும் இருந்தவர்கள் பலர் வந்து சேர, ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. அதே வாரத்தில், அதே நகரத்தில், தெருக்களின் முனைகளில் தடுப்பு வைத்து அரசாங்கம் வேறொரு கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு கோடு இன்னார் வெளியே வரக்கூடாது என்றது. மற்றக் கோடு இன்னார் எல்லாரும் ஓர் அணி என்றது.

அந்தச் சனிக்கிழமைகளை நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். துறைமுகப் பாலம் வருவதற்கு இன்னும் 32 ஆண்டுகள் இருந்தன. வடகரை அணி படகேறித்தான் நகரத்துக்கு வர வேண்டும், மற்றவர்கள் படகேறித்தான் அங்கே போக வேண்டும். ஜார்ஜ் தெருவில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கி ஆறு மாதமே ஆகியிருந்தது. அண்டை வீட்டில் எவருக்காவது காய்ச்சல் என்றால் தெருவே நடுங்கிய காலத்தில், அந்த அண்டை வீட்டாரின் மகன் தன் புறநகரின் நிறத்தை அணிந்து ஆடுவதைப் பார்க்க மக்கள் மைதானத்துக்குப் போனார்கள். கிளீப், நியூடவுண், பால்மெய்ன், சவுத் சிட்னி, நோர்த் சிட்னி, வெஸ்டர்ன் சபர்ப்ஸ் என்று அந்த முதல் ஆண்டுகளில் எழுந்த பெயர்களைச் செய்தித்தாளின் நெருக்கமான எழுத்துகளில் வாரா வாரம் பார்க்கும்போது, அவை ட்ராம் வண்டியின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயர்களைப்போல எனக்குத் தோன்றின. படிக்கிறவன் தன் பெயரை அதில் தேட வேண்டியதில்லை. தான் இறங்கும் இடத்தைத் தேடினால் போதும்.

முதலாம் ஆண்டின் வெற்றி கிளீப்புக்குப் போனது. அது செல்வர்களின் பகுதியன்று. திருச்சபைக்கென ஒதுக்கப்பட்ட நிலம் என்பதே அந்தச் சொல்லின் பொருள்; 1790-இல் சிட்னியின் முதற் பாதிரியாருக்காக 400 ஏக்கர் அங்கே ஒதுக்கப்பட்டது. நூறு ஆண்டுகளில் அந்த நிலம் நெருங்கிய வரிசை வீடுகளும் தொழிலாளர் குடும்பங்களும் நிறைந்த புறநகராகிவிட்டது. அதன் ஓரத்திலிருந்த பிளாக்வாட்டில் சதுப்பைத் தூர்த்து உண்டாக்கியதுதான் வென்ட்வொர்த் பூங்கா. நண்பர்களின் கழகங்கள் ஆண்ட காலத்தில் அங்கே பிறந்த ஒரு நல்ல ஆட்டக்காரன், எவராவது அழைத்தால் ஒரு பெரிய கழகத்துக்குப் போயிருப்பான், அழைக்காவிட்டால் பெயரில்லாமல் போயிருப்பான். இப்போது அழைப்பு தேவைப்படவில்லை. கருஞ்சிவப்புச் சட்டை அவனுடைய தெருவுக்கே வந்துவிட்டது.

நான் வாலரூக்காரர்களுக்காக இரங்கியபோது மறந்த செய்தி இதுதான். நண்பர்களின் கழகம் என்று நான் அன்போடு குறிப்பிட்டுக்கொண்டிருந்ததற்கு ஒரு வாசல் இருந்தது. அந்த வாசலில் யாரைத் தெரியும் என்று ஒருவர் கேட்டார். எந்தப் பள்ளி, யார் மகன், எங்கே வேலை என்ற கேள்விகள் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருந்தன. மாவட்ட விதியோ அவை எதையும் கேட்கவில்லை. நேற்று மூட்டையோடு வந்து வாடகைக்கு அறை எடுத்தவனும் அங்கேயே மூன்று தலைமுறையாக வாழ்பவனும் அந்த விதியின் முன் ஒன்றுதான். கோட்டைக் கண்டாலே சினம் கொள்ளப் பழகியிருந்த எனக்கு, ஒரு கோடு ஒருவனை உள்ளே எடுத்துக்கொள்ளவும் கூடும் என்பது ஐம்பது வயதை நெருங்கும் காலத்தில்தான், அதுவும் ஒரு விளையாட்டின் பழைய விதியிலிருந்துதான் தெரிய வந்தது.

மற்றொரு வாசல்

அந்த மகிழ்ச்சியில் கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் 1900-க்கு அடுத்த ஆண்டின் செய்தித்தாள்களும் அதே திரையில்தான் இருக்கின்றன.

1901 ஜனவரி 1 அன்று ஆறு குடியேற்றங்கள் இணைந்து அவுஸ்திரேலியா ஒரு நாடானது; அந்த விழா சிட்னியின் சென்டென்னியல் பூங்காவில், ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணியின் எல்லைக்குள்ளேயே நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் புதிய நாடாளுமன்றம் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. கப்பலிலிருந்து இறங்கும் ஒருவனை விரும்பாவிட்டால், அதிகாரி ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைப் படித்துக்காட்டி எழுதச் சொல்லலாம். எந்த மொழி என்பதை அதிகாரியே தேர்ந்தெடுப்பார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவனுக்கு அவனறியாத வேறொரு மொழியை வைத்தால் போதும். அந்தச் சோதனை 1958 வரை சட்டத்தில் இருந்தது. வெள்ளை அவுஸ்திரேலியா என்ற கொள்கையின் எச்சங்கள் 1973-இல்தான் அகற்றப்பட்டன.

இதை நான் முன்பே அறிவேன். இங்கே வாழும் எங்களில் எவர்தான் அறியார். ஆனால் மாவட்ட விதியின் அழகை வியந்துகொண்டிருந்த அதே இரவில் அதைத் திரும்பப் படித்தபோது, இரண்டையும் ஒரே நகரம் ஏறத்தாழ ஒரே மூச்சில் செய்திருக்கிறது என்பது என்னை எழுந்து நடக்க வைத்தது. குடியிருந்தால் போதும், நீ எங்களவன் என்று மைதானத்தில் சொன்ன நகரம், குடியிருக்க யார் வரலாம் என்பதைத் துறைமுகத்தில் முடிவு செய்தது. பிளேக் பரவியபோதும் பழியின் பெரும்பங்கு சீனக் குடியிருப்பாளர்கள் மீது சுமத்தப்பட்டது. அவர்களுக்கும் இந்த நகரத்தில் தெருப்பெயரும் வீட்டு எண்ணும் இருந்தன. கோடுகளை வரைந்தவர்களின் மனத்தில் இருந்த குடியிருப்பவன் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் பாட்டனார் அந்தக் குளிர்காலத்தில் இங்கே வர முயன்றிருந்தால் ஹோம்புஷ் வரையில் வந்திருக்க மாட்டார்.

ஆகவே வெறுப்பிலிருந்து மகிழ்ச்சிக்கும், மகிழ்ச்சியிலிருந்து இந்தக் கசப்புக்கும் வந்து சேர்ந்தேன். சில நாட்கள் எதையும் எழுதவில்லை. பிறகு எனக்குப் புலப்பட்டது இது: விதியை எழுதியவர்களின் மனத்தைவிட விதியின் சொற்கள் அகலமானவை. அவர்கள் தங்களைப் போன்றவர்களை எண்ணித்தான் குடியிருப்பவன் என்று எழுதினார்கள். ஆனால் எழுதிய சொல் குடியிருப்பவன் என்பதுதான். நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு, கிளீப்பின் பிள்ளையான ஒருவர், தேநீர்க் கோப்பையோடு நின்று, அந்தச் சொல்லை அதன் நேர்ப்பொருளில் எனக்குப் பொருத்திப் பார்த்திருக்கிறார். அவர் கருணை காட்டவில்லை, சமத்துவம் பேசவில்லை; விதியைப் படித்தார், அவ்வளவே.

கோடு எவ்வளவு ஆழமாக இறங்கியது

கூட்ட அறையில் வரைந்த கோடு எவ்வளவு விரைவில் மண்ணில் வேர் பிடித்தது என்பதற்குச் சான்று எட்டே ஆண்டுகளில் கிடைக்கிறது. யூனியனின் கீழ் அக்காலத்தில் ஆட்டக்காரர்களுக்குக் கூலி கிடையாது. மைதானத்தில் வசூலாகும் பணம் யூனியனுக்கு. 1907 ஜூலையில் நியூசிலாந்து அணி ஆடியபோது சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் 50,000 பேருக்கு மேல் கூடினார்கள். அதே ஆண்டு காயமடைந்து வேலைக்குப் போக முடியாமல் இருந்த அலெக் பர்டன் என்ற நாவிதர், கிளீப் ஆட்டக்காரர், இழப்பீடு இல்லாமல் நின்றதுதான் ஆட்டக்காரர்களின் மனக்குறைக்கு ஒரு முகத்தைத் தந்தது. கிரிக்கெட் வீரர் விக்டர் டிரம்பரின் விளையாட்டுப் பொருட் கடையில் பேச்சுகள் நடந்தன. 1907 ஆகஸ்ட் 8 அன்று, யூனியனிலிருந்து பிரிந்து, றக்பி லீக் என்ற தனி அமைப்பு தோன்றியது.

என் கவனத்தை ஈர்ப்பது கிளர்ச்சி அன்று. பிரிந்து போனவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதே. பழைய யூனியனின் விதிகளை மாற்றினார்கள், பண முறையை மாற்றினார்கள். மாவட்டங்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1908 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நியூடவுண், கிளீப், சவுத் சிட்னி, பால்மெய்ன், ஈஸ்டர்ன் சபர்ப்ஸ், வெஸ்டர்ன் சபர்ப்ஸ், நோர்த் சிட்னி என்று கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. ஏப்ரல் 20 அன்று பர்ச்குரோவ் மைதானத்திலும் வென்ட்வொர்த் பூங்காவிலும் முதல் ஆட்டங்கள் நடந்தன. விரும்பியவர்களை விரும்பியபடி சேர்த்துக்கொள்ளும் பழைய முறைக்குத் திரும்ப அவர்களுக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. ஆனால் கிளீப் என்று சொன்னால்தான் கிளீப் வரும் என்பதை எட்டுக் குளிர்காலங்கள் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தன.

பிறகு அந்தக் கோடுகளும் அழிந்தன. கிளீப்பின் யூனியன் அணி 1919-இல் பால்மெய்னோடு இணைந்து, 1931-இல் டிரம்மொய்ன் என்ற பெயருக்குள் போனது; அதன் லீக் அணி 1929 பருவத்தோடு முடிந்தது; கிளீப் நகரசபையே 1949-இல் சிட்னி மாநகரத்தோடு இணைக்கப்பட்டது. என் மேற்குப் பகுதியின் யூனியன் கழகமும் இப்போது வெஸ்ட் ஹாபர் என்ற பெயரில் இருக்கிறது. அதன் செல்லப்பெயர் பைரட்ஸ். தெருவில்லாத அந்தப் பழைய கழகத்தோடு அதற்குத் தொடர்பு ஏதும் உண்டென்று நான் சொல்ல வரவில்லை, ஆனாலும் அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

கடைசியாக ஒன்றை அந்தச் சக ஊழியரிடம் கேட்க வேண்டியிருந்தது. அவர் கிளீப்பை விட்டு நாற்பது ஆண்டுகளாகின்றன. நகரத்தின் வடக்கே வெகு தொலைவில் குடியிருக்கிறார். அவர் எனக்குச் சொன்ன விதிப்படி அவர் கிளீப்காரர் அல்லர். இதை அவரிடம் சொல்லும்போது அவரைப் புண்படுத்திவிடுவேனோ என்று அஞ்சினேன். அவர் நீண்ட நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எங்கே குடியிருந்தேன் என்பதும் கணக்கில் சேரும்" என்றார். பிறகு, நான் கேட்காமலே, எங்கள் ஊரின் பெயரை உச்சரித்துக் காட்டும்படி கேட்டு, இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அந்த ஊருக்கு ஓர் அணி இருந்ததா என்றும் கேட்டார். இருந்தது என்றேன், சட்டையின் நிறத்தையும் சொன்னேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் மகளைக் கூட்டிக்கொண்டு கொன்கோர்ட் மைதானத்துக்குப் போனேன். 1987 உலகக் கோப்பையின் அரையிறுதியில் அவுஸ்திரேலியாவைப் பிரான்ஸ் தோற்கடித்த இடம். அன்று அங்கே இருந்தவர்கள் சில நூறு பேர் மட்டுமே. குளிர்காற்று அடித்தது. பக்கத்தில் கம்பளிப் போர்வையோடு உட்கார்ந்திருந்த ஒரு முதியவள், எந்தப் பக்கம் என்று மகளைக் கேட்டாள். மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாங்கள் ஹோம்புஷ்" என்றாள். முதியவள் தலையசைத்து, போர்வையின் ஒரு முனையை அவள் முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டாள்.